இருபத்திரண்டு சனிக்கிழமைகள்

எங்கள் ஆபீஸ் அக்காவுக்கு மூலையில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அம்மாவை அடித்து வழக்கில் மாட்டிய அப்பாக்கள், கோர்ட் உத்தரவுப்படி வாரத்துக்கு ஒரு மணி நேரம் எங்கள் அறையில் வந்து பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அக்கா பல்லி மாதிரி சுவரோரம் ஒட்டிக்கொண்டு, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். பிள்ளையிடம் எதுவும் கேட்கக் கூடாது. அதை டைப் அடித்து நீதிபதிக்கு அனுப்புவது நான். பதினாலு வருஷத்தில் அக்காவுக்கு இடுப்பு போனது, எனக்குக் கழுத்து. அந்த நாற்காலிகளை வாங்கிப் போட்டவர் மட்டும் நன்றாக இருக்கிறார்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண் குழந்தை, ஏழு வயது. அவள் அம்மாவின் கையை உடைத்த மனுஷன், அறைக்குள் வந்தால் தேன் ஒழுகப் பேசுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பிள்ளை அவர் மடியில் உட்காருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒரு தடவைகூட அழுததில்லை. இருபத்திரண்டு சனிக்கிழமையும் அக்கா ஒரே வரியைத்தான் எழுதினார்: ‘குழந்தை அமைதியாக இருந்தாள்.’ நானும் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடித்தேன். அதை வைத்தே அப்பா மனுப் போட்டார், வாரம் இரண்டு நாள் பிள்ளையைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை, அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் ஜூஸ் டம்ளர் சாய்ந்தது. பிள்ளை அவசர அவசரமாகத் தன் கவுனாலேயே மேஜையைத் துடைத்தாள்.

“ஆன்ட்டி, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.”

அக்கா சட்டதிட்டத்தை மறந்துவிட்டார். “ஏன்டா கண்ணு?”

“நான் ஏதாவது பண்ணா அம்மாவைத்தான் அடிப்பாரு.”

“அம்மா இப்ப வேற வீட்டுல இருக்காங்கல்ல?”

“அப்பாவுக்கு அந்த வீடு தெரியும்.”

திங்கட்கிழமை அக்கா கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். “நான் எழுதினது தப்புங்க. அவ பயந்துபோய் உட்கார்ந்திருந்தா. எனக்குப் புரியல.” அப்பாவின் வக்கீல் இருபத்திரண்டு தாளையும் ஆட்டிக் காட்டிக் குதித்தார். நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். பிறகு, கோபமே இல்லாமல்தான் கேட்டார்: “இதுக்கு முன்னாடி எத்தனை பிள்ளைங்களுக்கு இப்படி எழுதியிருக்கீங்கம்மா?”

அக்கா கூண்டை விட்டு இறங்கி வந்தார். இப்போது தினமும் மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பழைய ஃபைல்களைப் புரட்டுகிறார்.

“விட்டுத் தொலைங்கக்கா, உடம்பு கெட்டுடும்” என்று கத்திப் பார்த்துவிட்டேன். கேட்டால்தானே. நேற்று வரைக்கும் அதே ‘அமைதியாக’ வரியோடு முப்பத்தொரு பிள்ளைகள். எல்லோரையும் அப்பா வீட்டுக்கு அனுப்பியாயிற்று.