ஆடிக் காப்பும் பெங்களூர் வேலையும்

எங்கள் பெரிய மகள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள். எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர்ப் பக்கம் வேலைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருந்தன, ஷூ கம்பெனிகளும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஆனால் இவள் படித்த படிப்புக்கு எங்கள் பக்கத்தில் இருந்தது ரேடியோ ரிப்பேர் கடைதான். அங்கே பெண்பிள்ளையை யார் உட்கார வைப்பார்கள்?

என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். அவருக்குத் தெரிந்த சூப்பர்வைசர் ஒருவர், ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் மகளுக்கு ஒரு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆவணி பிறந்ததும் அனுப்புகிறேன் என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தையல் வேலையை நான் மட்டமாக நினைத்ததில்லை. என் தங்கை அந்த வேலையில்தான் குடும்பத்தை நிமிர்த்தினாள். ஆனால் மகள் சாப்பிடாமல் கிடந்து, அழுது, அப்பாவிடம் சண்டை போட்டு அந்தப் படிப்பில் சேர்ந்தவள். ஆவணிக்குள் ஒரு கம்பெனியாவது அவளைக் கூப்பிடாவிட்டால் படித்தது அதோடு போச்சு. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

வேலை தேடுகிறது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? வேலூருக்குப் போய் எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்தோம். பதிந்துவிட்டால் வரிசைப்படி கூப்பிடுவார்கள் என்று நான் நம்பிக்கொண்டு, தினமும் தபால்காரர் சைக்கிள் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளச் சொன்னார் ஒருவர். பெரிய மனுஷர் சிபாரிசு இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றார் இன்னொருவர். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றினேன்.

உருப்படியான வழி சொன்னது பக்கத்து வீட்டுப் பாயம்மாவின் தம்பி. அவர் பெங்களூரில் டி.வி. பாகங்கள் விற்கிற கடையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். ரம்ஜானுக்கு அக்கா வீட்டுக்கு வந்தவர், மகளின் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எல்லார்கிட்டயும் கீதும்மா. அங்க அவன் கையத்தான் பார்ப்பான்."

எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸை நம்பி உட்கார வேண்டாம், கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது கேட்டிலேயே போர்டு மாட்டும், தான் பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன், அன்றைக்கே விண்ணப்பத்தைத் தபாலில் போடு என்றார். அதுவரை கையைச் சும்மா வைக்காதே என்று, அடுத்த தடவை வரும்போது உடைந்த ரேடியோ, டி.வி. போர்டுகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து போட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாமல் ஈயப்புகைதான். போர்டில் இருப்பதைச் சூடுகாட்டிக் கழற்றுவாள். கழற்றினதையே மறுபடி வைத்துப் பற்றவைப்பாள். எங்கள் தெருவில் சாயங்காலமானால் கரண்ட் கம்மியாகிவிடும், பல்பே சிவந்து போய் நிற்கும். சால்டரிங் கம்பி சூடேறாது. அவள் பொறுமையாக அதைப் போர்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பாள், ஈயம் உருகுகிற வரைக்கும். இவர் வேலை முடிந்து வந்து, "ஒரு வீட்டுக்கு தோல் ஷாப்பு நாத்தம் பத்தலியா, இது வேற" என்பார். ஆனால் ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

பாயம்மாவின் தம்பி சொல்லி அனுப்பினபடி டி.வி. செய்கிற ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். ஆனி போயிற்று. பதில் இல்லை. ஆடி பிறந்தது.

ஆடியில் எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முந்தின வாரம் காப்புக் கட்டுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டும் வேப்பிலையும் முடிந்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வோம். கட்டிவிட்டால் கறி, மீன் என்று கவிச்சி கிடையாது. கூழ் ஊற்றிக் காப்பு அவிழ்க்கிற வரையில் ஊர் எல்லைக்கு வெளியே ராத் தங்கவும் கூடாது. அந்த வருஷம் என்னோடு மகளும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வேலை அவளுக்குத்தானே, அவள் கையிலும் கட்டினால் தாய் சீக்கிரம் கண் திறப்பாள் என்று என் எண்ணம்.

"நடுவுல கம்பெனிலேர்ந்து கூப்ட்டா இன்னாம்மா பண்றது?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷமா கூப்டாதவன் இந்த ஒரு வாரத்துலயா கூப்டப் போறான்?" என்றேன் நான்.

அவள் கையை நீட்டினாள். வெள்ளிக்கிழமை கட்டினோம். திங்கட்கிழமை கார்டு வந்துவிட்டது. புதன்கிழமை பெங்களூரில் டெஸ்ட்.

எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. கேட்ட வரத்தைக் கொடுத்துவிட்டு, கட்டின கட்டையும் அம்மன் தன் கையிலேயே வைத்திருக்கிறாளே என்று இருந்தது. இவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன், அம்மனுக்கு டி.வி. பாக்கணும்னு ஆசை வந்துடுச்சா?" என்றார். நான் சிரிக்கவில்லை. பூசாரியிடம் ஓடினேன்.

பூசாரி பயிர் வைத்துப் பிழைக்கிறவர், அதிகம் பேசமாட்டார். போய்விட்டு வரட்டும் என்றார். "எல்லைக்கு வெளிய தல மட்டும் சாய்க்கக் கூடாது. அது ஊர்க் கட்டு, என் கையில இல்ல."

விடியற்காலை வண்டி ஏறி, டெஸ்ட் முடித்து, சாயங்கால வண்டியில் திரும்பிவிடலாம் என்று முடிவாயிற்று. இவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் கூடப் போனேன். வண்டியில் அவள் வாய்க்குள் எதையோ மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தாள். நான் கையிலிருந்த காப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு புளியமரம். கூட வந்த அப்பா அம்மாக்கள் எல்லாம் அதன் கீழே நின்றோம். கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் கேட்டது. எல்லோருக்கும் ஒரே பேச்சுதான், எத்தனை பேரை எடுப்பார்கள். மத்தியானம் பாயம்மாவின் தம்பி பெண்சாதி, பின்தெருவில் இருந்தவள், எங்களுக்குத் தயிர்சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். அவளும் என்னோடேயே மரத்தடியில் காத்திருந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு மகள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தேன், நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

"எழுத்துல பாஸும்மா. நாளைக்குக் காலையில வரச் சொல்றாங்க. கைவேலை டெஸ்ட் நாளைக்குத்தானாம்."

அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குப் போய்விட்டுக் காலையில் திரும்பி வர எந்த வண்டியும் சரிப்படாது. அவள் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, தல சாய்க்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு, நான் ஸ்டேஷன்ல உக்காந்துக்கினே இருக்கறேன், தூங்காம இருந்தா தப்பில்லையே என்றாள்.

சொல்லும்போதே அவள் விரல்களைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க முழித்த கை மறுநாள் நடுங்காமல் இருக்குமா? அவன் கையைத்தான் பார்ப்பான் என்று பாயம்மாவின் தம்பி சொல்லியிருந்தாரே.

பாயம்மாவின் தம்பி பெண்சாதி எதுவும் புரியாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தயிர்சோற்றுத் தூக்கை மூடி வைத்தாள். பிறகு, "எங்க வூட்ல படுக்கட்டும்க்கா. புதுச் சட்டி வாங்கி அதுலயே ஆக்கிப் போடறேன். சாமி விஷயத்த நீங்கதான் பார்த்துக்கணும், அது எனக்குத் தெரியாது" என்றாள்.

சாமி விஷயத்தை நான் பார்த்தேன். காப்பின் முடிச்சை அவிழ்க்க எனக்குத் துணிவு வரவில்லை. குழாயடிக்குக் கூட்டிப் போய் மகளின் கையை நனைத்து, வளையல் கழற்றுகிற மாதிரி மெல்ல உருவினேன். என் கைக்கு அது ஏறவில்லை, வீட்டுவேலை செய்து காய்த்த கை. புடவை முந்தானையில் ஒரு நூலை உருவி, என் காப்போடு அதைச் சேர்த்துக் கட்டினேன். மனசுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை, வாய்விட்டே சொன்னேன்.

"தாயே, இவ கட்டையும் நான் வாங்கிக்கினேன். கோவம் வந்தா என்கிட்ட வா."

மகளை விட்டுவிட்டு நான் மட்டும் வண்டி ஏறினேன். தனியாக ரயிலில் போனது அதுதான் முதல் தடவை. ஜோலார்பேட்டை தாண்டுகிற வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எங்கள் ஊர் வந்துவிட்டதா என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பேஜார் பண்ணிக்கொண்டே வந்தேன். வயசுப் பெண்ணை அடுத்தவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தாயா என்று இவர் கேட்பார் என்று பயந்தேன். இவர் கேட்டது வேறு.

"காப்பு?"

கையைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது எனக்குத் திட்டு வாங்கினதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் சின்னவளுக்கு உடம்பு சுட்டது. ஆடி மாசத்தில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் எங்களுக்கு முதலில் எது ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதுகு, வயிறு, கழுத்து என்று அம்மை முத்து போட்டிருக்கிறதா பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் பார்த்தேன். என்கிட்ட வா என்றுதானே சொன்னேன், பிள்ளைகிட்ட ஏன் போகிறாய் என்று பூஜை மாடத்தின் முன்னால் நின்று சண்டை போட்டேன். சாயங்காலத்துக்குள் சளி ஒழுகிக் காய்ச்சல் இறங்கிவிட்டது. வெறும் ஜலதோஷம்.

அன்றைக்கு ராத்திரி மகள் வந்து சேர்ந்தாள். வாசற்படியில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"மொத ஈயத்தையே கெடுத்துட்டேன்ம்மா."

அங்கே கரண்ட் முழுசாக இருந்ததாம். நம் வீட்டுப் பழக்கத்தில் இவள் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க, போர்டில் ஒட்டியிருந்த செம்புப் பட்டை அப்படியே பெயர்ந்து வந்துவிட்டதாம். பார்த்துக்கொண்டிருந்த ஆபீசர் எதுவோ எழுதிக்கொண்டாராம். அதற்குப் பிறகு தொட்டதும் எடுத்துத் தொட்டதும் எடுத்து, மீதி எல்லாம் பளிச்சென்று வைத்தாளாம். ஆனால் முதலில் எழுதினது என்னவோ?

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினோம். கூட்டம் குறைந்த பிறகு காப்பு அவிழ்க்க வரிசையில் நின்றேன். பூசாரி என் கையைப் பிடித்தார். இரண்டு மஞ்சள் துண்டையும் பார்த்தார்.

"இது யாருது?"

"பெரியவளுது."

"ராத் தங்கிட்டாளா?"

"தங்கிட்டா."

அவர் மகளின் வெறுங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் காது கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"நீ தங்கலியே" என்றார். சொல்லிவிட்டு இரண்டையும் அவிழ்த்துப் பால் சொம்பில் போட்டார். நான் அழுதேன். புகையில் கண் எரிகிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

ஆடி கடைசியில் கம்பெனி ஆர்டர் வந்தது. ஷூ கம்பெனி சூப்பர்வைசர் வீட்டுக்கு இவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆவணியில் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆம்பூர் ஸ்டேஷனுக்கு முன்னால் நடந்தவரும் இவர்தான். மகள் பாயம்மாவின் தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில், கூட வேலை செய்கிற பெண்களோடு தங்கினாள்.

எனக்குக் கவலை விட்டதா என்றால் இல்லை. மழை பெய்தால் நனைகிறாளோ, ஷிப்டு விட்டுத் தனியாக வருகிறாளோ என்று இருக்கும். அடுத்த ஆடி வந்தபோது லீவு கேட்டாளாம், தீபாவளி விற்பனைக்கு டி.வி. போக வேண்டும், ஆடியில் யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். காப்புக் கட்டுக்கு நான் மட்டும் போய் நின்றேன். பூசாரி என் மணிக்கட்டில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். நான் கையை எடுக்கப் போனேன்.

"இரு" என்றார். நூல் கண்டிலிருந்து இன்னொரு இழையை உருவினார். "பெங்களூர்ல இருக்கறவளுக்கு?"

கையைத் திரும்ப நீட்டினேன்.