கொழுந்தன் போட்டு வந்த பூட்ஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் குடியிருந்தோம். என் கணவரும் அவர் தம்பி மாணிக்கமும் பக்கத்திலிருந்த இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தார்கள். உருக்கிய இரும்பை வெறுங்காலோடு நின்று அச்சில் ஊற்ற வேண்டும். ஒருவருடைய பாதம் வெந்துபோனதும், பூட்ஸ் கேட்டு ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் கணவர் அவர்களோடு வாசலில் நின்றார். மாணிக்கம் உள்ளே வேலைக்குப் போனான்.

ஒருநாள் வாசலில் கல் பறந்தது. போலீஸ் தடியோடு பாய்ந்தது. என் கணவரின் வலது மணிக்கட்டு நொறுங்கியது.

அடுத்த வாரம் பட்டறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை இறங்கி வந்து எல்லாருக்கும் பூட்ஸ் கொடுத்தார். சம்மட்டி பிடிக்க முடியாத ஆள் எதற்கு என்று என் கணவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மாணிக்கம் புது பூட்ஸோடு வீட்டுக்கு வந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு தம்பி இதப் போட்டுக்கிட்டு வந்த?" என்று கேட்டேன்.

"என் பொண்டாட்டி மாசமா இருக்கா அண்ணி. வேலை போச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

என் கணவர் அவன் கழற்றி வைத்த பூட்ஸை இடது கையால் எடுத்து, தோலை அழுத்திப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு. அவனுக்குச் சோறு போடு புள்ள."

போட்டேன். கரண்டியைத் தட்டில் ஓங்கி வைத்ததைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போராட்டத்தில் ஜெயித்துவிட்டோம் என்றுதான் பட்டறை ஆட்கள் இன்றும் சொல்கிறார்கள். அன்றைக்கு நான் யாரைத் திட்டுவது என்று தெரியாமல், என் கணவருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.