இருபது மீட்டருக்கு ஒரு வேண்டுதல்

இருபது மீட்டர் ஓட்டச் சோதனையில் இரு கோடுகளுக்கும் நடுவே இருபது மீட்டர் இருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் யாராவது அதைப் படித்திருப்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

என் மகள் தாரணி பல்கலைக்கழக டென்னிஸ் அணியில் ஆடுகிறாள். இது அவளுக்குக் கடைசி ஆண்டு. தைப்பூசத்துக்கு முந்தைய மாதம் அணிக்கு உடற்தகுதிச் சோதனை வைத்தார்கள். 'பீப்' ஒலிப்பதற்குள் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டை எட்ட வேண்டும். போகப் போக ஒலி விரைவாகும். தாரணி பாதியிலேயே பின்தங்கினாள். உடற்தகுதி போதாது என்று அணியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரான தெப்ராவிலுள்ள வீட்டுக்கு வந்தவள் ராக்கெட்டை அலமாரிக்கு மேலே எறிந்தாள். "எனக்கு மூச்சே பத்தலப்பா. இத்தன வருசம் என்னையே ஏமாத்திக்கிட்டேன்" என்றாள். சாப்பிடவில்லை. தோற்று வந்த பிள்ளையைத் தேற்றலாம். தன்னையே நம்பாத பிள்ளையை என்ன செய்வது?

கல்வி இலாகாவில் காலமெல்லாம் மேல்முறையீடுகளைப் படித்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எங்கே தூங்கும் என்று தெரியும். அதனால் முருகனிடம் போனேன். கெஞ்சவில்லை. "அவளை ஜெயிக்க வை என்று கேட்க மாட்டேன். தப்பு அவளிடம் இருந்தால் காட்டு. வேறெங்காவது இருந்தால் அதையும் காட்டு. காட்டும்வரை வருவேன்" என்றேன். தினமும் போனேன். எல்லா அதிகாரிகளையும் போல அவனும் மௌனமாகவே இருந்தான்.

தைப்பூச அன்னதானக் கூடாரத்துக்குக் கோயிலில் இடம் அளந்துகொண்டிருந்தார்கள். "ஐயா, சும்மாதானே நிக்கிறீங்க, இந்த முனையப் பிடிங்க லா" என்று ஒரு தொண்டர் அளவு நாடாவை என் கையில் திணித்தார். நாடா விறைத்தது. அவள் ஓடிய தூரத்தை யாராவது இப்படி அளந்தார்களா? அங்கிருந்தே மகளை அழைத்தேன்.

"எந்தக் கோட்டுலேருந்தும்மா ஓடுனீங்க?"

"பேஸ்லைன்லேருந்து எதிர் பேஸ்லைனுக்குப்பா. நெட்டக் கழட்டிட்டாங்க."

இரு கடைக்கோடுகளுக்கும் நடுவே, அதாவது டென்னிஸ் ஆடுகளத்தின் முழு நீளம், ஏறக்குறைய இருபத்து நான்கு மீட்டர். ஆயுள் முழுக்க அந்தக் கோடுகளையே பார்ப்பவர்களுக்கு உலகில் வேறு அளவே கிடையாது போலும்.

அணியின் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "அங்கிள், எல்லாரும் அதே கோட்டுலதான் ஓடுனாங்க. மத்தவங்க பாஸ் பண்ணலயா? ரிட்டையர் ஆயிட்டீங்க, ரெஸ்ட் எடுங்க லா."

"அவங்க குதிரைங்க, தம்பி. எம்பொண்ணுக்கு மனுசங்களுக்கு உண்டான தூரமே போதும்."

பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். ஒவ்வொரு மௌனத்துக்கும் இன்னும் மேலே உள்ள ஒருவருக்கு நகல் அனுப்பினேன். முதல் நகல் எப்போதும் சன்னிதிக்கு. இதற்குள் தாரணி ராக்கெட்டைக் கீழே எடுத்துவிட்டாள். குடியிருப்புத் திடலில் சரியாக இருபது மீட்டர் அளந்து விடியற்காலையில் ஓடினாள். "இது ரொம்பக் கிட்டப்பா!" என்று கத்தினாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

கடைசியில் மறுசோதனைக்கு அழைத்தார்கள். மன்னிப்பு கேட்கவில்லை. அதை நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

அன்பர்களே, ஆண்டுக்கு ஒருமுறை கோயிலுக்குப் போனவன் இப்போது தினமும் போகிறேன். கேட்க ஒன்றுமில்லை, நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். உங்களை ஆகாதவர் என்று யாராவது ஒதுக்கினால் தலை குனியாதீர்கள். முருகனிடம் கேளுங்கள். சலிக்காமல் கேளுங்கள். மனிதர்களையும் விடாதீர்கள்.

தாரணி தேறிவிட்டாள், அணியில் இருக்கிறாள் என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது, பங்குனி உத்திரத்தன்று.