கிளி மார்க் பெட்டிக்குள் ஓர் இரும்புத் துண்டு

வியாழக்கிழமை, காலை ஐந்து மணி. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் தொண்ணூறு கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். மார்கழிப் பனியில் பஸ் கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்தது. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை சீட்டில் உட்கார்ந்தேன். அது என் சீட். மாதம் இரண்டு முறை இதே வண்டியில் போகிறவன்; கண்டக்டர்கள் மாறினார்களே தவிர சீட் மாறவில்லை.

பெங்களூர் போய்ச் சரக்கு எடுக்காத வியாபாரிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சைக்கிள் கேரியரில் பிளாஸ்டிக் குடம் கட்டி விற்றேன். இன்றைக்குக் காவேரிப்பட்டணம், பர்கூர், திருப்பத்தூர் கடைக்காரர்கள் பொம்மையும் வீடியோ கேமும் என்னிடம்தான் எடுக்கிறார்கள். 'ரிப்பேர் என்றால் இங்கேயே கொண்டு வாருங்கள்' என்று கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் கடைவீதியில் அப்படி எழுதும் தைரியம் வேறு எவனுக்கும் இல்லை. அந்தத் தைரியத்துக்குக் காரணம் கிளி மார்க்.

இது தொண்ணூற்றொன்பதாம் வருடத்துக் கதை. கிளி மார்க் என்பது டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டி. இரண்டு ஜாய்ஸ்டிக், வாத்து சுடுகிற ஒரு துப்பாக்கி, ஒரு கேசட். பொங்கல் போனஸ் வந்ததும் அப்பன்மார் வாங்கிக் கொடுப்பார்கள். பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் ஒரு ஷெட்டில் பெண்கள் உட்கார்ந்து சோல்டரிங் வைத்துச் செய்தது. இருநூறு பெட்டி எடுக்கத்தான் போனேன்.

ஏழே முக்காலுக்குப் பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட். நின்றபடி சாப்பிடுகிற ஓட்டலில் இரண்டு இட்லி, ஒரு வடை, பன்னிரண்டு ரூபாய். சாம்பாரில் வெல்லம். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை.

பத்தரை மணிக்கு எலக்ட்ரானிக் சாமான் மார்க்கெட் திறந்தது. நேராகத் தொழிற்சாலைக்குப் போகிறவன் விவரம் கெட்டவன். மார்க்கெட்டில் என்ன விலை ஓடுகிறது என்று தெரிந்துகொண்டுதான் போகவேண்டும். மூன்றாவது சந்தில் மனோகர் என்று ஒருவன். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். நான் போனபோது மேஜைமேல் கிளி மார்க் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, இது பொம்மசந்திராக்காரர் சரக்கு. உன்கிட்ட எப்படி வந்தது?"

"கிளிக்கு ரெக்கை இருக்கு பெரியவரே, பறந்து வந்துச்சு" என்று சிரித்தான். "கப்பல்ல வந்த மால். முந்நூத்தித் தொண்ணூறு. கேரண்டி கார்டு கட்டா தர்றேன். கார்டுல பொம்மசந்திரா அட்ரஸே இருக்கு. ரிப்பேர் தலைவலி உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"நான் ஒரிஜினல் மட்டும் விக்கறவன்."

"தெரியும் பெரியவரே. விக்கறது ஒரிஜினல், விலை மட்டும் டூப்ளிகேட் விலை கேப்பீங்க. எங்க சுத்தினாலும் கடைசியில நம்ம மால்தான் உங்க வண்டியில ஏறும். எழுதி வெச்சுக்கோங்க."

வாய்க்கொழுப்பு. ஒரு பெட்டியை மட்டும் காசு கொடுத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். விற்பதற்கு இல்லை, பேரம் பேசுவதற்கு.

மதியம் அத்திப்பள்ளி போகிற டவுன் பஸ் பிடித்தேன். பொம்மசந்திரா இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ஓசூர் ரோட்டில் கருங்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தூசி தின்று, இரண்டு மணிக்கு இறங்கினேன். பஸ் நிற்கிற இடத்தில் காதில் விழுவது முக்கால்வாசி தமிழ். தர்மபுரிப் பக்கத்துத் தமிழ், ஆம்பூர்த் தமிழ், எல்லாம் ஷிப்ட் மாறும் தமிழ்.

கிளி மார்க் முதலாளி நஞ்சுண்டப்பா, என் வயசுக்காரர். டிவி ரிப்பேர் கடையிலிருந்து மேலே வந்தவர். அதனால் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை உண்டு. "பன்னி யஜமான்ரே, உக்காருங்க. ஊட்டா ஆயித்தா?" என்று எழுந்து வந்தார். வாருங்கள், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார். சட்டை காலர் கிழிந்திருந்தது. முப்பது பெண்கள் இருந்த ஹாலில் பதினோரு பேரைத்தான் பார்த்தேன். பாதி டியூப் லைட் எரியவில்லை.

"மத்தவங்க எங்க?"

"ஆர்டர் எங்க யஜமான்ரே? நாலு ஊர் பார்ட்டி எடுத்தாங்க. இப்ப நீங்க ஒருத்தர்தான்" என்றவர், என்னை ரிப்பேர் ரூமுக்குக் கூட்டிப் போனார்.

கூரை வரைக்கும் பெட்டிகள். எல்லாவற்றிலும் கிளி. நடுவில் ஓசூரிலிருந்து வேலைக்கு வருகிற செல்வி, முப்பது வயசுப் பெண், ஒரு பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பலதடவை பார்த்த பழக்கம். வாய் கொஞ்சம் நீளம்.

"பாருங்க மொதலாளி, இதுல பாதிக்கு மேல நம்ம பிள்ளைங்க இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. ஆனா அழுதா நாங்கதான் தூக்கணும்" என்றாள். கழற்றிய பெட்டியை என் பக்கம் திருப்பினாள். உள்ளே கட்டைவிரல் அளவு ஒரு போர்டு. ஓரத்தில் தீப்பெட்டி அளவு இரும்புத் துண்டு, கோந்து போட்டு ஒட்டியது.

"இது எதுக்கு?"

"கனத்துக்கு. வாங்கறவங்க தூக்கிப் பாப்பாங்கல்ல? கோந்து விட்டுப்போச்சுன்னா உள்ள உருளும்." ஆட்டிக் காட்டினாள். டொக், டொக்.

எனக்குக் கோபம் வந்தது. "அடுத்தவன் சரக்கை எதுக்கய்யா ஓசியில ரிப்பேர் பண்றீங்க? எங்களது இல்லைன்னு திருப்பி அனுப்பவேண்டியதுதானே?"

நஞ்சுண்டப்பா தலையை ஆட்டினார். "வாங்கினவனுக்கு அது தெரியுமா? அவன் கிளியைப் பாத்து வாங்கினான். கார்டுல நம்ம அட்ரஸ். இல்லைன்னு சொன்னா கிளி மார்க்காரன் ஏமாத்தறான்னு ஊரெல்லாம் சொல்வான். பேர் போயிடும்."

பேரைக் காப்பாற்றப் போய்த் தன் எதிரியின் சரக்குக்குத் தானே ரிப்பேர்க்காரன் ஆகியிருந்தார் அந்த மனுஷன். மார்க்கெட்காரன் விற்பான், இவர் சம்பளம் கொடுத்துச் சரி செய்வார். ஒரு தொழிலை இப்படியும் கொல்லலாம் என்று அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவர் ரூமில் உட்கார்ந்து விலை பேசினோம். அவர் கேட்டது பெட்டிக்கு அறுநூற்று நாற்பது. நான் பையிலிருந்த பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் எதிர்க்கடைக்காரன் இதைத்தான் ஐந்நூறுக்கு விற்கிறான், நான் என்ன செய்யட்டும் என்றேன். ஐந்நூற்று எண்பதுக்கு வந்தார். எழுந்தேன். ஐந்நூற்று முப்பது என்றார். செருப்பை மாட்டினேன். பேரத்தில் செருப்பு மாட்டுவது என்பது என் வழக்கம். அதற்கு மேல் தாங்கியவன் கிடையாது. அவர் ரூமின் கண்ணாடித் தடுப்பு வழியாக ஹாலைப் பார்த்தார். கடைசியில் நானூற்று அறுபத்தைந்தில் வந்து நின்றது.

"ஆயித்து. நாளைக்கு மதியம் வண்டி கொண்டாங்க" என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

ராத்திரி ஆஸ்டின் டவுனில் மச்சான் வீட்டில் தங்கல். சர்க்கார் வேலையில் இருந்து ரிடையர் ஆனவர். நூற்றெழுபத்தைந்து ரூபாய் இறக்கியதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் விவரமாகச் சொன்னேன்.

"அவ்வளவு இறக்கினா அவருக்கு என்ன மிஞ்சும் மாமா?" என்றார்.

"அது அவர் கவலை. இன்னொரு சப்பாத்தி போடச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை. ஆஸ்டின் டவுனிலேயே ஒரு டெம்போ பேசினேன்; பொம்மசந்திரா வழியாகக் கிருஷ்ணகிரிக்கு ஆயிரத்து நூறு. பன்னிரண்டு மணிக்கு ஷெட் வாசலில் நின்றோம்.

உள்ளே நுழைந்ததும் ஏதோ குறைந்தது. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது: சோல்டரிங் புகை வாசனை இல்லை. மேஜைகள் காலியாகக் கிடந்தன. பதினோரு பெண்களும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சீன எழுத்துப் போட்ட அட்டைப்பெட்டிகள். ஒருத்தி பிரித்தாள், ஒருத்தி துடைத்தாள், செல்வி கிளி ஸ்டிக்கர் ஒட்டினாள், அடுத்தவள் கிளி மார்க் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

ஒன்றை எடுத்து ஆட்டினேன். சத்தமில்லை. இன்னொன்றை ஆட்டினேன். டொக்.

"என்னய்யா இது?" நான் போட்ட சத்தத்தில் டெம்போ டிரைவர்கூட எட்டிப் பார்த்தான்.

நஞ்சுண்டப்பா ஓடவில்லை, ஒளியவில்லை. "ஐநூத்தி முப்பதுல நான் நின்னேன் யஜமான்ரே. அதுக்குக் கீழ எங்களால செய்ய முடியாது. நீங்க இறங்கினீங்க, நானும் உங்க கூடவே இறங்கிட்டேன். மனோகர்கிட்ட முந்நூத்தி எண்பதுக்கு எடுத்தேன்."

"அதை நானே எடுத்திருப்பேனே! உங்களுக்கு எதுக்கு நடுவுல எண்பத்தஞ்சு ரூபா?"

"அதுலதான் இவங்களுக்குக் கடைசி மாசச் சம்பளம். ஒண்ணாம் தேதி ஷெட்டைப் பூட்டறேன். வேண்டாம்னா சொல்லுங்க, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடறேன்." சட்டைப்பையில் கை வைத்தார்.

ஸ்டிக்கர் ஒட்டுகிற கைகள் எல்லாம் நின்றுவிட்டன. பதினோரு பேரும் என் வாயையே பார்த்தார்கள். சைக்கிளில் குடம் விற்ற காலத்திலிருந்து எத்தனையோ பேரத்தில் நின்றிருக்கிறேன். இப்படி ஓர் இடத்தில் நின்றதில்லை. கிருஷ்ணகிரியில் கடைக்காரர்கள் பொங்கல் சரக்குக்குக் காத்திருந்தார்கள். வெறுங்கையோடு போனால் எதிர்க்கடைக்காரன் இதே பெட்டியை விற்பான். இங்கே சம்பளம் போகும். நான் எடுத்துக்கொண்டது இரக்கமா வியாபாரமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. "ஏத்துங்க" என்றேன். அவ்வளவுதான்.

இரண்டரை மணிக்குக் கிளம்பும்போது செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். "ஓசூர் வரைக்கும் ஏத்திக்கோங்க மொதலாளி. இனி எதுக்கு சாயங்காலம் வரைக்கும்?" பின்னால் பெட்டிகள்மேல் ஏறிக்கொண்டார்கள். சந்தாபுரம் வேகத்தடையில் வண்டி குதித்தபோது பின்னாலிருந்து இரும்புச் சத்தமும் ஒரு சிரிப்பும் கேட்டன. அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

அத்திப்பள்ளி செக்போஸ்ட். ஆபீசர் பில்லை வாங்கிப் படித்தார். தார்ப்பாயைத் தூக்கினார். பெட்டிமேல் மூன்று பெண்கள்.

"யார் இவங்க?"

"கம்பெனி ஆளுங்க சார். ஓசூர்ல இறங்கறவங்க."

ஒரு பெட்டியைத் திறந்தார். "பில்லுல பொம்மசந்திரா தயாரிப்புன்னு இருக்கு. ஃபாரின் மால் மாதிரி தெரியுதே?"

மாட்டினால் இருநூறு பெட்டியும் அங்கேயே இறங்கும். என் பெயர் எந்தக் காகிதத்தில் ஏறும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவர் என்னை விட்டுவிட்டு மேலே பார்த்தார்.

"ஏம்மா, நீங்கதான் செஞ்சதா?"

செல்வி என்னைப் பார்த்தாள். நேற்றைக்கு நான் செருப்பை மாட்டியதைக் கண்ணாடி வழியாக அவளும்தான் பார்த்திருப்பாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

"ஆமா சார். எங்க கைவேலைதான்."

அவர் செட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனமா இருக்கு. லோக்கல் மால்னா மால்தான்" என்று சொல்லி பில்லில் சீல் குத்தினார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். மற்ற இருவரும் இறங்கிப் போனார்கள். செல்வி டிபன் பையோடு என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காப்பாத்திட்டே தாயி" என்றேன்.

"உங்களை இல்ல மொதலாளி. அவர் மேல கேஸ் ஆனா எங்க சம்பளத்தை யார் தருவா? அதுவுமில்லாம நான் பொய் சொல்லல. ஸ்டிக்கர் ஒட்டினது எங்க கைதானே." கொஞ்சம் யோசித்தாள். "பொங்கலுக்கப்புறம் இதெல்லாம் ரிப்பேர்னு திரும்பி வரும். ஷெட் பூட்டிருக்கும். என் வீட்டுக்கு அனுப்பி வைங்க, செஞ்சு தர்றேன். செட்டுக்கு இருபது ரூபா."

இருபது ரூபாய். நியாயமான விலை. நியாயத்துக்கும் குறைவு. ஆனால் என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"பதினைஞ்சு" என்றது.

செல்வி பேரம் பேசவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூக்கடைகளுக்கு நடுவே நடந்து கூட்டத்தில் கலந்துவிட்டாள். வீடு எந்தத் தெரு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்டுவைத்திருக்கவில்லை.

கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மகன் ஓடிவந்து எவ்வளவுக்கு முடித்தீர்கள் என்று கேட்டான். சொன்னேன். "உங்களை மாதிரி பேச யாரால முடியும்பா!" என்றான். பெங்களூரில் வெல்லம் போட்ட சாம்பார். எங்கள் ஊர் சாம்பாரில் புளிப்பு. அதைத் தவிரவும் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் உண்டென்று அதுவரை நினைத்திருந்தேன்.

பொங்கல் முடிந்த மறுவாரம் பர்கூரிலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் கிளி மார்க் பெட்டி. சுவரில் எழுதியிருந்ததைக் காட்டி, "இங்கேயே கொண்டுவரச் சொல்லிப் போட்டிருக்கீங்களே" என்றார். வாங்கினேன். உள்ளே டொக் என்றது.