மழையில் சூடான வண்டி

அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டத்திலிருந்து பழப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் புறப்பட்டபோது மணி ஒன்றரை. மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. தேனிக்குச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே மண்டியிலிருந்து மதுரை லாரி நான்கு மணிக்குக் கிளம்பிவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஜவுளிக் கடை ஒன்றில் வேலை பார்த்த நான், நாலு நாள் லீவில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். அக்கா பாண்டியம்மாள் சொந்தத் தோட்டத்துப் பழத்தோடு ஊர்க்காரர்கள் பழத்தையும் ஏற்றிப்போக, போடியில் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கியிருந்தாள். முந்தின வாரம் மட்டும் அது இரண்டு தடவை வழியில் படுத்துவிட்டது. இன்றும் லாரியைத் தவறவிட்டால் ஊர் லோடு மொத்தமும் வேறு வண்டிக்குப் போய்விடும் என்று மண்டிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா தானே வண்டியில் ஏறிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

ஓட்டியவர் வேலுச்சாமி அண்ணன். நடுவில் அக்கா, ஜன்னலோரம் நான். ஊரைத் தாண்டியதும் சாரல் வலுத்தது. அவர் வைப்பரைப் போட்டார், விளக்கையும் போட்டார். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சரசரவென்று சிவப்புக்கு ஏறியது.

“பாத்தீகளா தாயி, இதத்தேன் சொன்னேன்.”

“ரேடியேட்டரையே மாத்தியாச்சு. இன்னும் என்னண்ணே கேக்குது இது?”

உத்தமபாளையம் கடைவீதியில் வண்டியை ஓரங்கட்டினார். பழைய டீசல் வண்டி, சாவியைத் திருப்பினால் மட்டும் நிற்காது. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒரு குமிழை இழுத்தால்தான் இன்ஜின் அணையும். இழுத்து நிறுத்தினார். தண்ணீர்க் குடத்தோடு முன்னால் போனோம். நான் தயங்கித் தயங்கி ரேடியேட்டரைத் தொட்டேன். இளஞ்சூடுதான். மூடியைத் திறந்தால் தண்ணீர் விளிம்புவரை நின்றது.

“இந்த மழையில எப்படிண்ணே சூடாகும்?” என்றேன்.

“அதுதேன் எனக்கும் விளங்கல. வெளக்கப் போட்டாத்தேன் முள்ளு ஏறுது. ராவுல ஓட்டுனா பூரா செவப்புதேன்.”

எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. வரும் வழியில் அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது ஹாரன் முனகியது. காலை எடுத்ததும் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. ஹாரனுக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் என்ன சம்பந்தம்? அதையும் அவரிடம் சொன்னேன்.

திரும்ப ஏறி ஸ்டார்ட்டரைப் போட்டார். ஒரு முக்கல், ஒரு முனகல், அவ்வளவுதான். மறுபடியும் நீளமாகப் போட்டுப் பார்த்தார். இழுத்த குமிழை உள்ளே தள்ளாமலே போடுகிறார் என்பதைக் கவனித்த அக்கா, அதைத் தள்ளக் கை வைத்தாள்.

“ஆத்தாடி!”

விரலை உதறினாள். குமிழ் கொதித்தது. நான் தொட்டுப் பார்க்கப்போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

“ஏலே, இன்ஜினு ஆறிக் கெடக்கு, இந்தக் கம்பி ஏன்டா கொதிக்குது?” குமிழிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கம்பியைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவள் குரலே மாறிவிட்டது. “அண்ணே, நம்ம கெணத்து மோட்டாருல எர்த்துக் கம்பி அத்துப்போனப்ப, தண்ணிக் குழாயத் தொட்டா சுர்ருனு இழுத்துச்சே, ஞாவகமிருக்கா? இதுவும் அப்படித்தேன். கரண்டு திரும்பிப் போறதுக்குப் பாத இல்ல. கண்ட கம்பியில எல்லாம் பூந்து போகுது!”

வேலுச்சாமி அண்ணன் துள்ளி இறங்கி, சேற்றிலேயே படுத்து வண்டிக்கடியில் நுழைந்தார். இன்ஜின் ரப்பர்க் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் வண்டியின் இரும்புச் சட்டத்தையும் சேர்த்து, கரண்டுக்கு வழிவிட ஒரு செம்புப் பட்டை இருக்க வேண்டும்.

“தாயி, பட்டையே இல்ல! போன மாசம் இன்ஜின எறக்கி ஏத்துனாகள்ல, மாட்டாம விட்டுட்டாக!”

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஆக்ஸிலேட்டர் கம்பி, அணைக்கிற கம்பி என்று அகப்பட்ட வழியிலெல்லாம் கரண்டு ஓடியிருக்கிறது. அதனால்தான் விளக்கு எரிந்தால் முள் பொய் சொன்னது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஹாரன் முனகியது. சூடாகாத இன்ஜினுக்கு இவ்வளவு நாளும் நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்!

பேட்டரிக் கடையைத் தேடி நான் மழையில் ஓடினேன். பழைய எர்த் பட்டை ஒன்று கிடைத்தது. நான் திரும்பி வந்தபோது வேலுச்சாமி அண்ணன் பட்டை மாட்டும் இடத்தில் துருவைச் சுரண்டி இரும்பைப் பளபளக்க வைத்திருந்தார். இரண்டு பக்கமும் போல்ட்டை முறுக்கினோம். அக்கா குமிழைத் தள்ளிவிட்டு, “போடுங்கண்ணே” என்றாள்.

அரைச் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் போட்டார். முள் அசையவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே ஹாரனை அழுத்தும்படி அக்கா அவரிடம் சொன்னாள். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைச் சாய்த்துவிட்டார்.

அப்போது மணி இரண்டே முக்கால். சின்னமனூரில் நிற்கவில்லை. வீரபாண்டிக்கு முன்னால் ஒரு பஸ்ஸை முந்தினோம். பஸ் டிரைவர் எங்களைத் திட்டினார், நாங்கள் மூவரும் சிரித்தோம். தேனி மண்டிக்குள் நுழைந்தபோது லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். “அவுருங்கய்யா கயித்த!” என்று அக்கா வண்டியிலிருந்தே கத்தினாள்.

மண்டிக்காரர் பெட்டிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “வண்டி சரியாயிருச்சா?”

“நாளைக்கு ரெண்டு நடை அடிப்போம். எடம் போட்டு வைங்க.”

லீவு முடிந்திருந்ததால் நான் அங்கிருந்தே மதுரை பஸ் பிடித்தேன். ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டியதும் சாரல் நின்று, மதுரைப் பக்கத்துக் காய்ந்த காற்று முகத்தில் அடித்தது. மதுரையில் ஃபியூஸ் போனால்கூட ஆள் வரும்வரை விசிறிமட்டையோடு உட்கார்ந்திருக்கிறவன் நான். பக்கத்து சீட்டுக்காரர் சும்மாதான் கேட்டார், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று. சொல்ல ஆரம்பித்தேன். அவர் தூங்கிவிட்டார் என்பதை உசிலம்பட்டியில்தான் கவனித்தேன். அப்போதும் நிறுத்தவில்லை, முன் சீட்டுக்காரர் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.