காவிக்கு அடியில் ஒரு கொப்புளம்

முதலில் வலிதான் வந்தது, கொப்புளம் பிறகுதான். வலது புருவத்துக்கு மேலே யாரோ ஊசியைக் காய்ச்சி இழுப்பது போல இருந்தது. சீப்பு பட்டால் உயிர் போனது. பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையின் வெயிலில் புல் அறுத்ததால் வந்த மண்டையிடி என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு பால் கறக்கப் போனேன். நம் மண்டையிடி மாட்டுக்குத் தெரியாது. மடி கனத்தால் அது கத்தும்.

அப்புறம் நெற்றி சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள் கூட்டங்கூட்டமாக எழுந்தன. நடு நெற்றியைத் தாண்டாமல் வலது பக்கத்தோடு நின்றுவிட்டன. அதை முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டிலிருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா. அவரை நான் நங்கை என்று கூப்பிடுவேன்.

"அக்கிங்கண்ணு இது. ஊசி கீசி போட்டுராத. எழுதுனா அடங்கிரும்."

எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் எழுதுவதுதான் வழக்கம். பானை செய்யும் குடும்பத்தில் பிறந்த ஒருவர் காவிக்கல்லை உரைத்து, கொப்புளத்தின் மேல் கோழி இறகால் சிங்கம் வரைவார். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடிவிடும் என்று ஒரு கணக்கு. காவி தானாக உதிரும்வரை தண்ணீர் படக்கூடாது, வீட்டில் தாளிக்கவும் கூடாது. டாக்டரிடம் போகலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். வாதாட எனக்குத் தெம்பில்லை. வலிக்கும்போது யார் முடிவெடுத்தாலும் சரி என்றாகிவிடுகிறது.

எழுதுகிறவரைப் பொள்ளாச்சி பஸ் பிடித்துப் போய் நங்கையே அழைத்து வந்தார். பொய் சொல்லக்கூடாது, காவி பட்டதும் குளுகுளுவென்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நெற்றி, இமை ஓரம், மூக்கு என்று அவர் தாராளமாகவே பூசினார். கண்ணாடியில் பார்த்தால் கோயில் திருவிழாவுக்கு வேஷம் கட்டியவள் மாதிரி இருந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அன்று அந்த வீட்டில் சிரித்தது அவர் ஒருவர்தான்.

ஆனால் கண் சிவந்தது. வெளிச்சம் கூசியது, தண்ணீராக ஊற்றியது. "உள்ள இருக்கற சூடு எறங்குதுங்கண்ணு" என்றார் நங்கை. வெயிலைப் பார்க்க முடியாமல் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பால் கறந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரர் அக்காவைக் கேட்காமல் பைக்கை எடுத்தார்.

டாக்டர் மலையாளி, சின்ன வயதுப் பெண். என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"சேச்சி, இதைத் தொடைக்கணும். கீழே ஒண்ணும் காணலை."

"தொடைச்சா ஆகாதுங்க டாக்டரே" என்றேன். கண் போகப் போகிற நேரத்தில் காவிக்கு வக்காலத்து வாங்கினேன் பாருங்கள். அவர் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தார். சிங்கம் பஞ்சோடு போயிற்று. மூக்கின் நுனியில் சின்னதாக ஒரு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. டாக்டரின் கை அங்கேயே நின்றது.

"இது எப்ப வந்தது?"

எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பாம். அங்கே கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் ஆபத்தாம். சின்ன வயதில் அம்மை போட்டபோது உள்ளே வந்த கிருமிதான் இத்தனை வருஷம் நரம்பில் படுத்துக் கிடந்து, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து எழுந்திருக்கிறது. கொப்புளம் எழுந்த உடனே வந்திருந்தால் மாத்திரை நன்றாகக் கேட்டிருக்கும், இப்போதும் தருகிறேன், நேராகப் பாலக்காட்டுக் கண் டாக்டரிடம் போங்கள் என்றார். கொப்புளத்தைக் கிள்ளக்கூடாது, பொருக்குத் தட்டும்வரை பச்சைக் குழந்தைகளையும் அம்மை போடாத பிள்ளைத்தாச்சிகளையும் நெருங்கக்கூடாது. ஆனால் குளிக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கும்பிட்டிருப்பேன்.

பொருக்கு உதிர்ந்து மாதங்கள் ஆகிவிட்டன. வலி போகவில்லை. முந்தானை பட்டால் எரிகிறது, ஃபேன் காற்று பட்டால் எரிகிறது. மாத்திரை தூங்க வைக்கிறது, மாடு எழுப்பிவிடுகிறது. வலி குறைந்ததா என்று விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதே ஒரு வேலையாக இருக்கிறது. களைத்துப் போனேன், அவ்வளவுதான்.

நங்கை இப்போது தினமும் வந்து என் மாட்டையும் கறந்து கொடுக்கிறார். அக்கியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

நேற்று பால் செம்பை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினார். கையில் பால் வாசம் அடித்தது.

"என்னையத் தெரியுதாங்கண்ணு?"

வலது கண்ணில் வெள்ளையாக ஒரு புகைதான் இருந்தது. கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்று கண் டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். புகைக்கு நடுவில் ஒரு தலை தெரிந்தது, முகம் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் அழுவார். அழுகிறவரைத் தேற்ற என்னால் ஆகாது.

"தெரியுதுங்க நங்கை" என்றேன். "நல்லாத் தெரியுது."

அவர் கையை எடுக்கவில்லை.

"நா அழுதுட்டிருக்கறேன் கண்ணு" என்றார்.