எட்டாம் நம்பர் சட்டைக்கு மாலை போட்டோம்

தஞ்சாவூரில் நான் வழக்கமாகக் காப்பி குடிக்கும் கடையில் நேற்று ஒரே ரகளை. பக்கத்து மேசையில் நாலு கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ வெளிநாட்டில், பேர்போன கால்பந்து வீரர் ஒருவரின் சட்டை எண்ணை இனி அந்த அணியில் யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்களாம். ஒரு பையனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இனிமே அந்த நம்பர எவனும் தொடக் கூடாதுடா," என்றான். எதிரே இருந்தவன் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு அவரைவிட நல்லா ஆடுறவன் வந்தா என்ன செய்வீங்க என்று மல்லுக்கு நின்றான். நான் பாட்டுக்குக் காப்பியைக் குடித்திருக்கலாம். சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. இதே காரியத்தை முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் ஊரில் செய்து பார்த்துவிட்டோம். யோசனை சொன்ன மேதாவி அடியேன்தான்.

அப்போது குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில், விதைக் கிடங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். நாளெல்லாம் விதைநெல்லுக்குப் போட்ட மருந்து நெடி. சாயங்காலம் கிடங்கைப் பூட்டியதும் நேரே ஆற்றுக்கு ஓடுவேன். கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். சுண்ணாம்பில் கோடு போட்டால் அதுதான் மைதானம். கல்லணையைத் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்த வருஷத்து ஆட்டம் முடிந்தது. மணலில் ஓடுவது லேசுப்பட்ட வேலையில்லை. நானும் ஒருநாள் இறங்கிப் பார்த்தேன், கால்மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. அன்றோடு ரசிகனாகிவிட்டேன்.

அந்த மணலில் தார் ரோட்டில் ஓடுவதுபோல ஓடியவர் செல்வராசு. டிராக்டர் டிரைவர். உரக்கடைக்காரர் ஒருவர் அணிக்குப் பதினோரு சட்டை வாங்கிக் கொடுத்தபோது ஆளாளுக்கு ஒரு நம்பரைப் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். எட்டு மட்டும் மிஞ்சியது. எட்டு என்றால் விளங்காது என்று எங்கள் ஊரில் நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வரும் வண்டியைக்கூட வாங்கமாட்டார்கள். செல்வராசு கடைசியாக வந்து, சிரித்துக்கொண்டே அதை மாட்டிக்கொண்டார். அப்புறம் நாலு கோடை, சுற்றுவட்டாரத்தில் எட்டு என்றாலே எதிரணி இரண்டு ஆளைக் காவலுக்குப் போட்டது.

ஐந்தாவது கோடையில், பங்குனி மாத ஆட்டமொன்றில், அவர் முழங்கால் திருகிக்கொண்டது. இனி ஆடுவது சந்தேகம் என்று வைத்தியர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பழைய பத்திரிகையில் எப்போதோ படித்தது நினைவுக்கு வர, அந்த எண்ணுக்கே ஓய்வு கொடுத்துவிடலாம் என்றேன். எல்லோருக்கும் புல்லரித்துவிட்டது. இருப்பதே பதினோரு சட்டை, ஒன்றை எடுத்தால் பதினோராவது ஆள் எதைப் போட்டுக்கொள்வான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கடைத்தெருவில் கண்ணாடிச் சட்டம் போடும் கோவிந்தண்ணன் எங்களைவிடத் தீவிர ரசிகர். சட்டையை என்னிடம் கொடு, பிரமாதமாகச் செய்து தருகிறேன் என்று வாங்கிப் போனார். செய்தும் தந்தார். கண்ணாடிக்குள் எட்டாம் நம்பர் சட்டை, சுற்றிச் சந்தனச் சீவல் மாலை, மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. அவர் தினமும் வீட்டுக்கு வீடு செய்து கொடுக்கும் வேலை அப்படித்தான் இருக்கும். கரையோர டீக்கடையில் அதை மாட்டி, பல்பைப் போட்டு, நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். கம்பு ஊன்றி வந்திருந்த செல்வராசு நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்குங்க சார்," என்றார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்த டீக்கடைப் பக்கம் அவரைக் காணவில்லை. ஆட்டம் மட்டும் நடந்தது. பத்துப் பேர் சீருடையில், ஒருவர் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையில். நடுவர் ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார். நாங்கள் அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

கல்லணை திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வாரம். திருத்துறைப்பூண்டிக்காரர்களோடு கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை டீக்கடைக்கு ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார். செல்வராசுவின் மனைவி மலர்க்கொடி. என்னைப் பார்த்ததும், "அத எறக்கிக் குடுங்க சார்," என்றார்.

அது ஊர் கொடுத்த மரியாதை என்று ஆரம்பித்தேன்.

"மாலையப் போட்டு பல்பும் எரியுது. உசுரோட இருக்கற மனுசன் இந்த வழியா எப்படி வருவாரு, சொல்லுங்க. சுத்திக்கிட்டுப் போறாரு."

டீக்கடையில் அத்தனை பேரும் அப்போதுதான் அந்தச் சட்டத்தை நிமிர்ந்து பார்த்தோம். எல்லோர் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று இருந்தது. சந்தன வாடை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கோவிந்தண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரு மாசமாக விடியற்காலையில் செல்வராசு மணலில் ஓடிப் பார்ப்பதாகவும், வைத்தியர் கொஞ்ச நேரம் ஆடலாம் என்று சொல்லிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை இறங்கக் கொள்ளை ஆசை என்றும், கேட்கத்தான் கூச்சப்படுகிறார் என்றும் மலர்க்கொடி சொன்னார். அப்போதும் நான் விடவில்லை. பழைய மாதிரி ஆட முடியாமல் எல்லார் முன்னாலும் விழுந்துவிட்டால் அவர் பெயர் என்னாகும் என்று கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவரை நினைத்துக் கேட்கவில்லை. அவர் விழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"விழுந்தா நான் தூக்கிக்கறேன். நீங்க மாலைய எடுங்க."

நானே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். சனிக்கிழமை அவர்கள் தெரு வழியாகப் போனபோது, துவைத்த சட்டை கொடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன். ஏனோ அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி இருபது நிமிஷம் செல்வராசு இறங்கினார். கட்டம் போட்ட சட்டைக்காரர் வெளியே வந்து முதல் ஆளாகக் கைதட்டினார். செல்வராசு பழைய மாதிரி ஆடவில்லை. இரண்டு தடவை விழுந்தார், தானே எழுந்தார். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்து சுண்ணாம்புக் கோடுகளை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு இரண்டு கோடை ஆடினார். அப்புறம் சட்டையை அவரே அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரரிடம் கொடுத்தார்.

நேற்றுக் காப்பிக்கடையிலிருந்து வந்ததும் செல்வராசுவைக் கைப்பேசியில் கூப்பிட்டு வெளிநாட்டுச் சங்கதியைச் சொன்னேன். "அந்தாளக் கேட்டுக்கிட்டுத்தான செஞ்சாங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் அவர் ஊர்க் கதைக்கு வந்தார். பேத்தி பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் சேர்ந்திருக்கிறாளாம். எட்டாம் நம்பருக்கு ஐந்து பிள்ளைகள் போட்டி போட, சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம். இவளுக்குப் பன்னிரண்டுதான் வந்ததாம். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாளாம்.

"அது உங்க நம்பர்னு நீங்க சொல்லலையா?" என்றேன்.

"எதுக்குங்க சார்? வேற ஒரு புள்ள போட்டுக்கிட்டு ஆடுதுல்ல."

நாங்கள் ஆடிய மணல் இன்று இல்லை. ஆற்றில் மணல் அள்ளிய ஆளுயரப் பள்ளங்கள்தான். டீக்கடை இல்லை, கோவிந்தண்ணனும் இல்லை. அந்தச் சட்டை பல கை மாறி, கடைசியில் டிராக்டர் துடைக்கும் துணியாகிக் கிழிந்தே போனது. எட்டு என்றால் விளங்காது என்று எங்கள் ஊரில் சொல்வார்களே, அந்தப் பேச்சும் இப்போது இல்லை. அது எப்போது போனது, யாரால் போனது என்று சீட்டுக் குலுக்கிய அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் தெரியாது.